ஆட்டக்காரர்களின் தாரதம்மியம்

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆத்தூரைத் தாண்டிக் கிழக்கே வந்தால் எதிர்ப்படும் எங்கள் சின்னசேலத்தையும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களையும் சேர்ந்த இளைஞர்கள், கோடையில் நீர் வற்றிய ஏரிப் படுகைகளிலும் அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடுகளிலும் டென்னிஸ் பந்து கொண்டு கிரிக்கெட் ஆடிவிட்டு, பொழுது சாய்ந்தபின் டீக்கடைப் பெஞ்சுகளில் அமர்ந்து விவாதிக்கும் விஷயங்களுள் என்றும் தீராத ஒன்று உண்டு. உலகில் இதுவரை தோன்றிய சுழற்பந்து வீச்சாளர்களுள் தலைசிறந்தவர் யார்? கண்டியில் பிறந்த மலையகத் தமிழர் முத்தையா முரளிதரனா, ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்னா, நம் சென்னையின் ரவிச்சந்திரன் அஸ்வினா? கேள்வி விளையாட்டாகப் பிறந்ததுதான் என்றாலும், அதற்கு நேர்மையாக விடை காண முயல்கிறவன் தன்னையறியாமலே புள்ளியியல் என்னும் சாஸ்திரத்தின் மிக ஆழமான சில பிரச்சினைகளுக்குள் இறங்கிவிடுகிறான் என்பதால், அதை நிதானமாக விசாரிப்பது பயனுடையதே.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் விவாதத்துக்கே இடமில்லை. முரளிதரன் 133 டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள். வார்ன் 145 ஆட்டங்களில் 708. அஸ்வின் 106 ஆட்டங்களில் 537. எண்ணிக்கையை விட்டு, ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ஓட்டங்களை விட்டுக்கொடுத்தார் என்னும் சராசரியைக் கொண்டு பார்த்தாலும் முரளிதரன் 22.72, அஸ்வின் 24.00, வார்ன் 25.41 என்று வரிசை அமைகிறது. ஆனால் இந்தச் சராசரியே பிரமாணம் என்று கொள்வோமானால், இவர்கள் மூவரையும் ஒதுக்கிவிட்டு, 1886 முதல் 1896 வரை இங்கிலாந்துக்காக ஆடிய ஜார்ஜ் லோமன் என்பவரை எல்லாப் பந்துவீச்சாளர்களுக்கும் மேலே சிம்மாசனத்தில் ஏற்ற வேண்டியிருக்கும். அவர் எடுத்த 112 விக்கெட்டுகளின் சராசரி 10.75. அதற்குக் காரணம் அவருடைய திறமை மட்டுமன்று. மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் மூடுவாரின்றிக் கிடந்த அக்காலத்து ஆடுகளங்களில் ஓர் அணி 100 ஓட்டங்களுக்குள் சுருண்டுவிடுவது அபூர்வமான செய்தியன்று. அதற்கும் மேலாக, அந்த 112இல் 35 விக்கெட்டுகள், கிரிக்கெட்டில் அப்போதுதான் தளர்நடை பயின்றுகொண்டிருந்த தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக, 1896இல் ஒரே சுற்றுப்பயணத்தின் மூன்று ஆட்டங்களில், 5.80 என்னும் சராசரியில் கிடைத்தவை.

ஆகவே முதற்கண் தீர்க்க வேண்டியது காலத்தின் கணக்கு. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்தில் நிற்கும் ஒரு சிறு மேடு, சமவெளியில் நிமிர்ந்து நிற்கும் பெரிய குன்றைக் காட்டிலும் கடல் மட்டத்திலிருந்து உயரமாக இருக்கலாம். ஆனால் எது குன்று, எது மேடு என்று அறிய விரும்புகிறவன் அதனதன் அடியிலிருந்தல்லவா அளப்பான்? ஆட்டக்காரனையும் அவன் காலத்துச் சகபாடிகளின் சராசரியிலிருந்தே அளக்க வேண்டும். அவ்வளவும் போதாது. அச்சராசரியைச் சுற்றிச் சகபாடிகள் எவ்வளவு தூரம் சிதறிக் கிடந்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். அந்தச் சிதறலின் அளவையே புள்ளியியலார் திட்டவிலக்கம் என்கிறார்கள். எல்லாரும் ஒருவரையொருவர் ஒட்டியே நிற்கும் கூட்டத்தில் பத்து அடி முந்துவது பெரிது. ஆளுக்கொரு திசையில் சிதறி ஓடும் கூட்டத்தில் அதே பத்து அடி பெரிதன்று.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் உதாரணம் அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளாக ஒவ்வொரு அடியையும் எழுதி வைத்துவரும் அந்த ஆட்டத்தைப் போலப் புள்ளியியலுக்குத் தீனி போட்ட விளையாட்டு வேறில்லை. அங்கே மட்டையாளனின் பெருமையை, ஆயிரம் வாய்ப்புகளில் எத்தனை முறை பந்தை அடித்துப் பத்திரமாகத் தளம் சேர்ந்தான் என்பதைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். 1911இல் டை காப் 420 எடுத்தார். 1941இல் டெட் வில்லியம்ஸ் 406. 1980இல் ஜார்ஜ் பிரெட் 390. காப் முதல்வர், பிரெட் கடைசி என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் 1910களில் மட்டையாளர்களின் சராசரி 266, திட்டவிலக்கம் 37.1, 1940களில் 267, 32.6, 1970களில் 261, 31.7. இவற்றைக் கொண்டு கணக்கிட்டால், காப் தம் காலத்தின் சராசரியிலிருந்து 4.15 திட்டவிலக்கங்களும், வில்லியம்ஸ் 4.26ம், பிரெட் 4.07ம் உயர்ந்து நின்றவர்கள் ஆகிறார்கள். முப்பது புள்ளி வேற்றுமை கரைந்து, மூவரும் ஏறக்குறைய ஒரே சிகரத்தில் நிற்க, வில்லியம்ஸே ஒரு மயிரிழை மேலே தெரிகிறார்.

1941க்குப் பின், கறுப்பினத்தவரின் தனிக் குழுக்கள் நீங்கலாக, அந்த நாட்டின் பெருங்குழுக்களில் எவரும் ஒரு பருவம் முழுவதற்கும் 400ஐ எட்டவில்லை. பழைய வீரம் குன்றிவிட்டது என்றே பலரும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது, உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் இதற்கு நேர்மாறான விளக்கம் ஒன்றைச் சொன்னார். பேஸ்பாலைப் பற்றி நான் படித்தவற்றுள் இதைவிட அழகான சிந்தனையை நான் அறியேன். மனித உடலின் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. ஆட்டம் இளமையாக இருக்கும்போது மகாவீரர் சிலரே அந்த எல்லையருகே நிற்க, மற்றவர்கள் வெகுதூரம் பின்னே கிடப்பார்கள். பயிற்சியும் போட்டியும் வளர வளரச் சாதாரண ஆட்டக்காரனும் எல்லையை நோக்கி நகர்ந்து வந்துவிடுவான். சராசரி 260ஐச் சுற்றியே நிற்க, சிதறல் மட்டும் குறுகிக்கொண்டே வரும். ஆகவே 400 மறைந்தது வீரர்கள் தாழ்ந்ததால் அன்று, அனைவரும் உயர்ந்ததால். இக்காலத்துப் பையன் ஒருவன் பழைய சாதனையை எட்டவில்லை என்பதனாலேயே அவனைக் குறைவாகப் பேசுகிற பெரியவர்கள் இதை ஒருமுறை சிந்தித்துப் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

இந்த அளவுகோலை எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவாக்கிப் பார்த்தவர் சார்லஸ் டேவிஸ் என்னும் ஆஸ்திரேலியர். அவர் கணக்கில் கால்பந்தின் பெலே 3.7 திட்டவிலக்கமும், டை காப் தம் வாழ்நாள் சராசரியில் 3.6ம் உயர்ந்து நிற்க, கிரிக்கெட்டின் டொனால்டு பிராட்மன் ஒருவரே 4.4 என்னும் இடத்தில் தனித்து நிற்கிறார். 52 ஆட்டங்களில் 6,996 ஓட்டங்களும் 99.94 என்னும் சராசரியும் அவருடையவை. நீண்ட காலம் ஆடிய மற்ற மகாவீரர்களின் சராசரியோ 60ஐ ஒட்டியே நின்றுவிடுகிறது. பேஸ்பாலில் ஒருவன் அவருக்கு நிகராக வேண்டுமானால் வாழ்நாள் முழுவதும் 392 எடுத்திருக்க வேண்டும். காப் எடுத்ததோ 367. எந்த வாதத்துக்கும் அசையாமல் நிற்கும் முதலிடம் என்று விளையாட்டு உலகில் ஒன்று இருக்குமானால் அது இதுவே.

கணித மேதை ஹார்டி கிரிக்கெட்டில் அளவற்ற மோகம் கொண்டவர். யாரையேனும் உச்சமாகப் புகழ வேண்டுமானால் முதலில் மட்டையாளர் ஹாப்ஸின் வகுப்பு என்றும், பிராட்மன் தோன்றிய பிறகு பிராட்மனின் வகுப்பு என்றும் சொல்வார். கணித அறிஞர்களின் பிறவி ஆற்றலுக்கு அவர் ஒருமுறை மதிப்பெண் இட்டபோது தமக்கு 25, தம் தோழர் லிட்டில்வுட்டுக்கு 30, ஹில்பர்ட்டுக்கு 80 என்று கொடுத்து, நம் இராமானுஜனுக்கு 100 கொடுத்தார் என்று பால் எர்டிஷ் சொல்லியிருக்கிறார். அந்த 100க்குச் சூத்திரம் கிடையாது. ஆனால் தம் காலத்துப் பெரியவர்களுக்கு மேலே எவ்வளவு உயரம் என்று அளந்த முறையில், அதுவும் இதே கணக்குத்தான்.

இனி அதிர்ஷ்டத்தின் கணக்குக்கு வருவோம். பிராட்மனைக் காட்டிலும் அதிகச் சராசரி உடையவர் ஒருவர் இருக்கிறார் என்றால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த ஆண்டி கான்டோம் 1948இல் தம் முதல் டெஸ்ட் இன்னிங்ஸில் 112 எடுத்தார். மறுபடி அவருக்கு ஆட வாய்ப்பே தரப்படவில்லை. ஆகவே சராசரி 112. அவரைப் பிராட்மனுக்கு மேலே எவரும் வைப்பதில்லை. இதற்கு நேர் எதிரான பக்கத்தையும் பார்க்க வேண்டும். எங்களுக்கு மேற்கே, சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வளர்ந்து, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் பந்து வீசிய நடராஜனுக்கு அந்த ஓர் ஆட்டத்தில் கிடைத்தவை 3 விக்கெட்டுகள், சராசரி 39.67. இந்த எண்ணை வைத்து அவரை எடை போடுவதும் கான்டோமைச் சிம்மாசனத்தில் ஏற்றுவதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள். சில வாய்ப்புகளே கிடைத்தவனின் எண்ணில் திறமை எவ்வளவு, யதேச்சை எவ்வளவு என்று பிரித்தறிவது எப்படி?

இதற்கு வழி காட்டியது, 1950களின் நடுவில் சார்லஸ் ஸ்டைன் கண்டு, பின்னர் ஜேம்ஸ் என்பவரோடு சேர்ந்து 1961இல் செம்மைப்படுத்திய ஒரு தேற்றம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்களை ஒருசேர மதிப்பிடும்போது, ஒவ்வொன்றுக்கும் நாம் கண்ட எண்ணை அப்படியே ஏற்பதைவிட, எல்லாவற்றையும் ஒரு பொது மையத்தை நோக்கிச் சற்றே இழுத்துச் சுருக்கினால் மொத்தப் பிழை குறையும் என்று அது நிரூபிக்கிறது. அறிஞர்களே முதலில் இதை நம்பத் தயங்கினார்கள். எப்ரான், மோரிஸ் என்னும் இருவர் இதை விளக்க எடுத்துக்கொண்டது பேஸ்பாலையே. 1970ஆம் ஆண்டுப் பருவத்தில், ஆளுக்கு 45 வாய்ப்புகள் முடிந்திருந்த 18 மட்டையாளர்களை அவர்கள் பொறுக்கினார்கள். அப்பட்டியலில் முதலாவதாக நின்றவர் ராபர்ட்டோ கிளமென்ட்டி. நிலநடுக்கத்தால் வாடிய நிகராகுவா மக்களுக்கு உதவிப்பொருள் எடுத்துச் செல்லுகையில் 1972இன் கடைசி நாளில் விமான விபத்தில் உயிர் நீத்த பெருந்தகை அவர். அவருடைய எண் 400. கடைசியில் நின்றவருடையது 156. பதினெட்டுப் பேரின் சராசரி 265.

இங்கே ஒரு சிறு கணக்கு. பதினெட்டுப் பேரும் சரிசமமான திறமை உடையவர்களாகவே இருந்திருந்தாலும், 45 வாய்ப்புகளில் அதிர்ஷ்டம் ஒன்றினாலேயே ஆயிரத்துக்கு 66 அளவு சிதறல் ஏற்பட்டிருக்கும். பட்டியலில் உண்மையாகக் காணப்பட்ட சிதறலோ 70. அதாவது, கண்ணுக்குத் தெரிந்த ஏற்றத்தாழ்வில் பெரும்பகுதி நாணயத்தைச் சுண்டிப் போட்டதற்கு ஒப்பானது. திறமையின் பங்கு மிகச் சொற்பம். ஆகவே ஸ்டைனின் முறை ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து விலகி நின்ற தூரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் நம்பி, மீதியைத் தள்ளிவிடுகிறது: 400 சுருங்கி 294 ஆகிறது, 156 ஏறி 242 ஆகிறது. பருவத்தின் எஞ்சிய நாட்களில் கிளமென்ட்டி எடுத்தது 346, கடைசியில் நின்றவர் எடுத்தது 200. இந்த இருவர் திறத்திலும் முறை சற்று மிகையாகவே இழுத்துவிட்டது என்பது மெய்யே. ஆயினும் பதினெட்டுப் பேரையும் சேர்த்துப் பார்த்தால், சுருக்கிய மதிப்பீடுகளின் மொத்தப் பிழை, கண்டதைக் கண்டபடியே நம்பிய மதிப்பீடுகளின் பிழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வாய்ப்புகள் பெருகப் பெருக இழுப்பின் வலிமை குறையும். எண்பது இன்னிங்ஸ் ஆடிய பிராட்மனை அது அதிகம் அசைக்காது. ஒரே இன்னிங்ஸ் ஆடிய கான்டோமைப் பொதுச் சராசரியின் அருகே கொண்டுவந்து நிறுத்திவிடும். நடராஜனையும் அவ்வாறே 39.67இலிருந்து மீட்டுத் தரும்.

இந்தக் கருவிகளோடு நம் மூவரிடம் திரும்பிப் பார்ப்போம். முரளிதரனின் 800இல் 176 விக்கெட்டுகள் வங்கதேசம், ஜிம்பாப்வே என்னும் வலிமை குன்றிய இரு அணிகளுக்கு எதிராக வந்தவை. வார்ன் அவற்றுக்கு எதிராக எடுத்தது 17தான். இவற்றை நீக்கினால் முரளிதரனின் சராசரி ஏறி 25க்குச் சற்றுக் கீழே நிற்கிறது. வார்னுடையது ஏறக்குறைய அசையவே இல்லை. இருவருக்கும் இடையே இரண்டரை ஓட்டத்துக்கு மேலிருந்த இடைவெளி அரை ஓட்டமாகிவிடுகிறது. வார்ன் கட்சியார் இந்த இடத்தில் மகிழ்ந்துகொள்வார்கள். ஆனால் அக்காலத்தில் உலகிலேயே வலிமை மிக்க மட்டையாளர்களாக விளங்கிய ஆஸ்திரேலியர்களுக்கு முரளிதரன் பந்து வீச நேர்ந்தது, வார்னுக்கு அந்தத் தொல்லை கிடையாது என்பதையும் அவர்கள் எண்ண வேண்டும். முரளிதரனின் விக்கெட்டுகளில் 493 சொந்த மண்ணில் கிடைத்தவை; அஸ்வினின் 537இல் 383 அவ்வாறே. ஆஸ்திரேலிய மண்ணில் ஆடிய 5 டெஸ்ட்களில் முரளிதரனுக்குக் கிடைத்தவை 12 விக்கெட்டுகளே, சராசரி 75ஐத் தாண்டியது. இந்திய மண்ணில் 9 டெஸ்ட்களில் வார்ன் எடுத்தவை 34, சராசரி 43.11. ஒவ்வொருவர் கவசத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது.

இப்போது அந்த அரை ஓட்டத்தை அதிர்ஷ்டத்தின் அளவுகோலால் அளப்போம். ஒரு விக்கெட் விழுவதற்கு முன் எத்தனை ஓட்டங்கள் போகும் என்பது வெகுவாக யதேச்சைக்கு உட்பட்டது. அதனால் ஒரு பந்துவீச்சாளனின் சராசரியில் உள்ள நிச்சயமின்மையை, அச்சராசரியை விக்கெட்டுகளின் வர்க்கமூலத்தால் வகுத்து உத்தேசமாக அறியலாம். முரளிதரனுக்கு எஞ்சிய விக்கெட்டுகள் ஏறத்தாழ 625, சராசரி 25 என்று வைத்துக்கொண்டால், 25ஐ 25ஆல் வகுக்க வருவது 1 ஓட்டம். அஸ்வினுக்கும் வார்னுக்கும் கணக்கிட்டாலும் ஏறத்தாழ அதே ஒன்றுதான் வருகிறது. எந்தப் பக்கமும் ஓர் ஓட்டம் சாயக்கூடிய தராசில் அரை ஓட்டத்தை நிறுத்த முடியாது. அஸ்வினின் 24.00ம் இந்த மூடுபனிக்குள்தான் நிற்கிறது. இத்தனை ஆண்டுகள் பந்து வீசிய பின்னும், எண்களை மட்டும் கொண்டு இம்மூவரையும் ஒருவர் மேல் ஒருவராக அடுக்க இயலாது என்பதே சாஸ்திரம் தரும் நேர்மையான தீர்ப்பு. அதற்கு மேல் சொல்வது தனிமனிதனின் தேர்வு. என் தேர்வு முரளிதரன். ஓர் ஆட்டத்துக்கு 6 விக்கெட் என்னும் விகிதத்தைப் பதினெட்டு ஆண்டுகள் தாங்கிச் சுமந்ததும், வேகப்பந்து வீச்சாளர் மெக்ராத்தைப் போன்ற ஒரு துணைவர் வார்னுக்குக் கிடைத்த அளவில் அவருக்குக் கிடைக்காததும் என் காரணங்கள். பிறவியிலேயே முழுமையாக நிமிராத முழங்கை உடைய அவரை, 1995இல் மெல்போர்ன் மைதானத்தில் நடுவர் ஒருவர் எறிகிறார் என்று குற்றம் சாட்டியதும், பின்னர் நுண்கருவிகள் கொண்டு அளந்தபோது, குற்றமற்றவர்கள் என்று கருதப்பட்ட பந்துவீச்சாளர்கள் பலரும் தத்தம் முழங்கையை ஓரளவு நிமிர்த்தியே வீசுகிறார்கள் என்று தெரியவந்து 15 பாகை என்னும் எல்லை வகுக்கப்பட்டதும், வெறுங்கண் சொல்லும் சாட்சியத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு உரைகல்.

ஆனால் இவ்வளவு கணக்கும் எழுதி வைக்கப்பட்டவர்களைப் பற்றியதே. நம் சென்னையின் வி.வி. குமார் ரஞ்சிக் கோப்பையில் 417 விக்கெட்டுகள் எடுத்தும் டெஸ்ட் ஆடியது 1961இல் இரண்டே முறை. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் தொடங்கியபோது, மைசூரை ஒரே நாளில் வீழ்த்தியதில் 11 விக்கெட்டுகளுக்கு உரியவரான ஏ.ஜி. ராம்சிங்குக்கு அந்த இரண்டும் கிடைக்கவில்லை. இவர்களுக்கும் முற்பட்டவர் பல்வங்கர் பாலூ. தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்து, புனாவில் வெள்ளையர் சங்கத்தின் மைதானத்தைச் சீர்செய்யும் வேலையில் இருந்தபடியே துரைமார்களுக்குப் பந்து வீசி வீசி வளர்ந்து, 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 100க்கு மேற்பட்ட விக்கெட்டுகளைக் குவித்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் அவர். இந்தியா முதல் டெஸ்ட் ஆடியதோ 1932இல். டெஸ்ட் பட்டியலைக் கொண்டு தாரதம்மியம் காண்பவன் கண்ணில் பாலூ படவே மாட்டார்.

அமெரிக்காவிலும் இதே அநீதி நடந்தது. கறுப்பினத்தவருக்குப் பெருங்குழுக்களின் கதவு அடைத்துக் கிடந்ததால், ஜாஷ் கிப்சன் தம் நாட்டில் தம் இனத்தாரின் தனிக் குழுக்களிலேயே ஆடி, 1947 ஜனவரியில் இறந்தார். அதற்கு மூன்று மாதத்துக்குள் ஜாக்கி ராபின்சன் அந்தக் கதவைத் திறந்தார். பழைய பத்திரிகைகளின் பக்கங்களில் புதைந்து கிடந்த ஆட்ட விவரங்களை ஆராய்ச்சியாளர்கள் பல்லாண்டுகள் தேடித் தொகுத்ததன் பயனாக, 1920 முதல் 1948 வரை நடந்த அந்த ஆட்டங்கள் 2024 மே மாதத்தில் அதிகாரபூர்வமான ஏடுகளில் சேர்க்கப்பட்டன. கிப்சனின் 372, காப்பின் 367ஐத் தாண்டி வாழ்நாள் சராசரியில் முதலிடம் பெற்றது. கிப்சனுக்குக் கிடைத்துள்ள வாய்ப்புகளின் பதிவு சுமார் 2,200, காப்புக்கோ 11,400க்கு மேல். 2,200 வாய்ப்புகளில் அதிர்ஷ்டமே பத்துப் புள்ளி அசைக்கும். ஐந்து புள்ளி வேற்றுமையைக் கொண்டு யார் பெரியவர் என்று தீர்க்க இயலாது. ஆனாலும், முன்பு ஒருவர் பெயர் ஒப்பிடுவதற்கே இல்லாதிருந்த இடத்தில், இப்போது இருவரையும் ஒரே அளவுகோலின்முன் நிறுத்த முடிகிறது.

நம்மிடமும் அதற்கான மூலப்பொருள் இருக்கிறது. 1952 வரை பொங்கலை ஒட்டி இந்தியர்களும் ஐரோப்பியர்களும் சேப்பாக்கத்தில் மோதிய மாகாண ஆட்டங்களின் விவரங்கள் அக்காலச் செய்தித்தாள்களில் அச்சாகியிருக்கின்றன. ராம்சிங் எடுத்த விக்கெட்டுகளை மட்டும் எண்ணாமல், அதே ஆட்டத்தில் அதே ஆடுகளத்தில் மற்றவர்கள் ஒவ்வொருவரும் எத்தனை ஓட்டம் கொடுத்து எத்தனை விக்கெட் எடுத்தார்கள் என்பதையும் வரிசைப்படுத்தித் தொகுத்தால், அவர் தம் சகபாடிகளுக்கு மேலே எத்தனை திட்டவிலக்கம் உயர்ந்து நின்றார் என்று கணக்கிட்டுவிடலாம். பம்பாயில் நடந்த பழைய போட்டிகளின் ஏடுகளைக் கொண்டு பாலூவுக்கும் அதைச் செய்யலாம். புள்ளியியல் பயிலும் மாணவர் ஒருவரும், மங்கிய அச்சைப் பொறுமையோடு படிக்கக்கூடிய கிரிக்கெட் பிரியர் ஒருவரும் ஒன்று சேர்ந்தால் தொடங்கக்கூடிய வேலை அது.